கண் மட்டும் ஏன் தப்பித்தது, அண்ணா

லாரியின் முன்சீட்டில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே பாதி தேசத்தைக் காட்டிய என் சவரி அண்ணனுக்கு,

இன்று கல்லறைத் திருநாள். நேற்றே உன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். காலையில் பூசை முடிந்ததும் என் வீட்டுக்காரி லூர்து சாமந்தி கொண்டுவந்து வைத்தாள், அண்ணி ஊதுவத்தி செருகினாள். மெழுகுவத்தி ஏற்றுவது என் பொறுப்பு. இடது கையில் தீப்பெட்டி நிற்கவில்லை. மூன்று தடவை மண்ணில் விழுந்தது. "காத்து அடிக்குது" என்றேன். இலைகூட ஆடவில்லை. லூர்து பெட்டியை எடுத்து அவளே ஏற்றினாள்.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்கும் இடது கை சரியில்லை. ஈஸ்டர் முடிந்ததிலிருந்தே சரியில்லை. கட்டைவிரல் அடியில் இருக்கும் சதை தானாகத் துடிக்கிறது. பயமாக இருக்கிறது அண்ணா.

பங்குச் சாமியார் கோயில் மலரில் போட, இறந்தவர்களுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று எல்லாரிடமும் கேட்டிருக்கிறார். அதற்குத்தான் உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் அடங்காது போலிருக்கிறது. மற்றவர்களும் படிக்கட்டும். குடித்துக் குடித்துத்தான் உனக்குக் கை கால் விழுந்தது என்று டீக்கடையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவர்கள் முதலில் படிக்கட்டும். நீ குடித்ததே இல்லை என்று நான் புளுக மாட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை, திருவிழாத் தேர் நிலைக்கு வந்த பிறகு குடிப்பாய். அதற்கு இவ்வளவு பெரிய தண்டனை என்றால் இந்த ஊரில் ஓர் ஆள் எழுந்து நடமாட முடியாது.

உனக்கு ஆரம்பித்த நாள் ஞாபகம் இருக்கிறதா? மாம்பழ லோடு ஏற்றிக்கொண்டு பம்பாய் போய்க்கொண்டிருந்தோம். நீ டிரைவர், நான் கிளீனர். கல்யாணம் ஆன பிறகும் அண்ணனுக்குக் கிளீனராகவே இருக்கிறவன் என்று லைனில் என்னைக் கேலி செய்த காலம். ஒரு மேட்டில் நீ ஸ்டியரிங்கை விட்டுவிட்டு வலது கையைக் குறுக்கே கொண்டுவந்து கியரைத் தள்ளினாய். பார்த்துவிட்டேன்.

"என்னண்ணா ஆச்சு கையிக்கு?"

"கியரு போட்டுப் போட்டுத் தேஞ்சு போச்சுடா. கம்பெனிக்காரங்கிட்ட புதுசா ஒண்ணு கேக்கணும்" என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம். டீ குடிக்கும்போதும் அதைச் சொல்லிச் சிரித்தோம்.

அப்புறம் வலது கை. அப்புறம் கால். ஓர் ஆண்டுக்குள் நாக்கு குழற ஆரம்பித்தது. சேலத்தில் சத்து ஊசி போட்டார்கள். பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரியில்தான் ஒரு டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். உடம்பை அசைக்கச் சொல்லி உத்தரவு போடும் நரம்பு அணுக்கள் மூளையிலும் முதுகுத்தண்டிலும் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன, மருந்து இல்லை என்றார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அறிவு கெடாது. காது கேக்கும். தொட்டா தெரியும். கண்ணு கடைசி வரைக்கும் ஓடும்" என்றார்.

அதை நாங்கள் நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டோம் அண்ணா. மாதாவுக்கு நேர்ந்துகொண்டது வீண்போகவில்லை என்று அண்ணி பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தாள். நானும் தலையாட்டினேன்.

உனக்குப் பேச்சு சுத்தமாக நின்ற வாரம் நான் ஊரில் இல்லை. வண்டியை அப்போது நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன், கல்கத்தா லோடு. வந்து செருப்பைக் கழற்றும்போதே அண்ணி வாசலில் சொன்னாள்: "வாய் பேச்சு இல்ல தம்பி. கண்ணாலதான் பேசறாரு. கருவிழிய ஒருவாட்டி மேல தூக்குனா ஆமா, ரெண்டுவாட்டி தூக்குனா வேணாம்."

இதை யார் பேசி முடிவு செய்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. ஒன்று என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை, உலகத்தில் எல்லாரும் அப்படித்தானே வைத்துக்கொள்வார்கள்?

அப்படியே பதினோரு நாள் ஓடியது. தண்ணி வேணுமா என்று கேட்டால் ஒரு தடவை தூக்குவாய். கொடுத்தால் புரையேறிக் கண் பிதுங்கும். திருப்பிப் படுக்க வைக்கவா என்று கேட்டால் இரண்டு தடவை தூக்குவாய். வேண்டாமாக்கும் என்று விட்டுவிடுவோம். நீ அதே பக்கமாகவே கிடந்து முதுகு வெந்து போனது. கேட்டதற்கெல்லாம் மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டு அழுகிறாரே என்று அண்ணிக்குப் பயம் வந்துவிட்டது. "டாக்டரு அறிவு கெடாதுன்னாரு. இது மூளைக்கும் ஏறிடுச்சு தம்பி" என்றாள். அதன் பிறகு உன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று எல்லாம் பேசினோம். ஆண்டவர் சீக்கிரம் எடுத்துக்கொண்டால் தேவலை என்று பேசினோம். அண்ணி மட்டுமல்ல, நானும்தான் பேசினேன்.

நாலாம் நாள் உனக்கு மூச்சு இழுத்தது. குனிந்து, "ஆஸ்பத்திரிக்குப் போலாமாண்ணா?" என்று கேட்டேன். இரண்டு தடவை தூக்கினாய். கொஞ்சம் விட்டு மறுபடியும் இரண்டு. மறுபடியும் இரண்டு.

"வேணாங்கறாரு. வூட்லயே நிம்மதியா இருக்கட்டும் தம்பி" என்றாள் அண்ணி. இவ்வளவு பிடிவாதமாக வேண்டாம் என்கிறானே, செத்தாலும் வீட்டிலேயே சாகவேண்டும் என்கிறானே என்று நான் கொல்லையில் போய் நின்று அழுதேன். உனக்கு அந்த அழுகைச் சத்தமும் கேட்டிருக்கும்.

பதினோராம் நாள் மத்தியானம். பக்கத்து வீட்டுக்குச் செங்கல் லோடு வந்தது. சந்துக்குள் லாரி பின்பக்கமாகத்தான் வரவேண்டும். நான் உனக்குக் கேழ்வரகுக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். வெளியே அந்த வண்டியின் கிளீனர் பாடியில் தட்டுகிறான், தட் தட், தட் தட். இரண்டு தட்டு என்றால் வரலாம், ஒரே அடி என்றால் நில். எட்டு வருஷம் உனக்கு நான் தட்டிய தட்டு. நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். அவன் இரண்டு தட்டினால் உன் கருவிழி இரண்டு தடவை ஏறி இறங்கியது. கடைசியில் அவன் ஓங்கி ஒரு அடி அடித்தான். நீ ஒரு தடவை தூக்கினாய். பிறகு கண்ணைத் திருப்பி என்னையே பார்த்தாய்.

கரண்டியைக் கஞ்சியிலேயே போட்டுவிட்டு உன் முகத்துக்கு நேரே குனிந்தேன்.

"அண்ணா, என் பேரு அந்தோணிதானே?"

இரண்டு.

"நம்ம ஊரு பம்பாயா?"

ஒன்று.

"அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு கேட்டனே. போலாம்னா சொன்ன?"

இரண்டு. இரண்டு. இரண்டு.

நீ எனக்காகத்தான் அதைப் பேசியிருக்கிறாய். அண்ணிக்குப் புரியாவிட்டாலும் தம்பி வந்தால் புரிந்துகொள்வான் என்று நம்பிக் கிடந்திருக்கிறாய். வந்தவன் கிளீனர் வேலையையே மறந்துவிட்டு, ஊர் உலகத்துக் கணக்கில் உன்னைப் படித்துவிட்டான். ஏன் அண்ணா எனக்குத் தோன்றவில்லை? ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதாதா?

அண்ணி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "நான் பேசுனதெல்லாம் உங்களுக்குக் கேட்டுச்சுங்களா? என்ன மன்னிப்பீங்களா?" என்று கேட்டாள். நீ இரண்டு தடவை தூக்கினாய். அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். "போலாம்னு சொல்றான் அண்ணி, ரைட்டுங்கறான்" என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

அன்றே கார் பிடித்துப் பெங்களூர் போனோம். ஏழு நாள் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று அந்த டாக்டரிடம் கேட்டேன். இல்லை என்றார். நோவு நின்றிருக்காது, ஆனால் மூச்சுத் திணறலைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்றார். அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ அதற்கப்புறம் ஐந்து நாள் இருந்தாய்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

போன மாசம் சேலத்துக்குப் புளி மூட்டை ஏற்றிக்கொண்டு தொப்பூர் இறக்கத்தில் இறங்கினேன். இறங்குவதற்கு முன்னாலேயே சின்ன கியரில் போட்டுக்கொள்ளவேண்டும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. போட்டேன். பாதி இறக்கத்தில் கியர் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிட்டது. இடது கையால் தள்ளுகிறேன், தள்ளுகிறேன், விரல் மடங்கவே இல்லை. வண்டி தானாக ஓடுகிறது. பிரேக் கருகுகிற நாற்றம். முன்னால் ஒரு பஸ், பின்சீட்டில் ஒருத்தி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பி என்னையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நீ செய்ததையே செய்தேன். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு வலது கையைக் குறுக்கே கொண்டுவந்து அடித்தேன். மலைப்பக்கத்துச் சாக்கடையில் வீலை இறக்கித்தான் நிறுத்த முடிந்தது. கிளீனர் குதித்துக் கல்லைப் போட்டான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. "என்ன டிரைவரே, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். தூங்கிவிட்டேன் என்று சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்தது.

மறுநாள் லூர்துவிடம் லோடு இருக்கிறது என்று புளுகிவிட்டு, பஸ் ஏறிப் பெங்களூர் போனேன். அதே டாக்டர். தலை நரைத்திருக்கிறது. உன்னை ஞாபகம் வைத்திருந்தார். கையைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார், சதையில் ஊசி குத்தி மிஷினில் ஓடவிட்டார்.

"இப்ப உறுதியா எதுவும் சொல்ல முடியாதுப்பா. கழுத்தெலும்பு நரம்ப அழுத்தினாலும் இப்படி ஆகும். அண்ணனுக்கு வந்ததால தம்பிக்கு வரும்னு இல்ல. பெரும்பாலும் வராது. சில குடும்பத்துல வருது. மூணு மாசம் கழிச்சு வாங்க, பரவியிருக்கான்னு பார்த்தா தெரிஞ்சிடும். அதுவரைக்கும் வண்டி மட்டும் ஓட்டாதீங்க."

எழுந்து வந்திருக்கலாம். உன்னை அடக்கம் பண்ணிய நாளிலிருந்து கேட்க நினைத்திருந்த ஒன்றைக் கேட்டுவிட்டேன்.

"ஒரே உடம்பு, ஒரே ரத்தம், ஒரே சோறு. கைய தின்னுச்சு, கால தின்னுச்சு, நாக்க தின்னுச்சு. கண்ண மட்டும் ஏங்க டாக்டர் தொடல?"

பேனாவை மூடி வைத்தார். "கொத்தில்லப்பா" என்றார். தெரியாது என்பதைத் தன் கன்னடத்தில்தான் சொல்ல வந்தது அவருக்கு. பிறகு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டார்.

"கால அசைக்கற நரம்பு அணு ரொம்பப் பெருசு. அதோட வயர் இடுப்புலேர்ந்து பாதம் வரைக்கும் ஓடுது. ஒரே அணு நூத்துக்கணக்கான சதை நாரை இழுக்கணும். கண்ணோட அணு சின்னது, வயர் குட்டி, இழுக்கவேண்டிய நாரும் கொஞ்சம்தான்."

"ஓவர்லோடு வண்டி சீக்கிரம் படுத்துக்குது, லோக்கல் வண்டி தாங்குது. அப்படிங்களா?"

"அப்படித்தான் சில பேர் நினைக்கறாங்க. ஆனா கண்ணு ஒரு நிமிஷம் சும்மா இருக்கா? நாள் பூரா ஓடுது. நிக்காம ஓடற வண்டிதானே முதல்ல கெடணும்?"

அவர் மேலே சொன்னார். மூத்திரத்தை அடக்கும் நரம்பு அணுக்களும் இந்த நோவில் தப்பித்துவிடுகின்றனவாம். அவை முதுகுத்தண்டிலேயே, காலுடைய அணுக்களுக்குக் கிட்டத்திலேயே இருக்கின்றனவாம். "பக்கத்து வூட்டுக்காரன் சாகறான், இவன் நிக்கறான். அவன்கிட்ட ஏதோ ஒண்ணு இருக்கு. இல்லன்னா, சாகறவன்கிட்ட இருக்கற ஏதோ ஒண்ணு அவன்கிட்ட இல்ல. அது என்னன்னு கண்டுபிடிச்சா மத்ததையும் காப்பாத்தலாம். உலகம் பூரா அதத்தான் தேடறாங்க." எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். கையை விரித்தார்.

கடைசி வரைக்கும் ஒரு நாள்கூட நீ பாயை நனைக்கவில்லை என்று அண்ணி எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வாள். அது உன் வைராக்கியம் என்று நினைத்திருந்தோம். அதுவும் கண்ணைப் போலத் தப்பித்த இடம் என்று இப்போதுதான் தெரிகிறது. அண்ணியிடம் சொல்லவில்லை. வைராக்கியம் என்றே இருக்கட்டும்; மலருக்குக் கொடுக்கும்போது இதை அடித்துவிடுவேன்.

ஆனால் அண்ணா, அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. தப்பிப்பவை எல்லாம் எவை? கண், காது, அறிவு, எறும்பு கடித்தால் தெரிகிற தோல். அவையும் சேர்ந்து போய்விட்டால் மனுஷனுக்கு ஒன்றும் தெரியாது. அவை நிற்பதால்தான் நீ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, கேட்டுக்கொண்டு கிடந்தாய். எனக்கும் அப்படி வந்தால்? லூர்து என் கட்டில் பக்கத்தில் நின்று, ஆண்டவரே எடுத்துக்கொள் என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு கிடப்பேனா?

திரும்பி வந்ததிலிருந்து எந்தக் கண்ணாடியைப் பார்த்தாலும் நாக்கை நீட்டிப் பார்க்கிறேன், துடிக்கிறதா என்று. நல்லம்பள்ளியில் சவரக்கடைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தபோது கடைக்காரர், "நாக்குக்கும் சவரம் பண்ணணுங்களா?" என்று கேட்டார். சிரித்தேன். வெளியே வந்து ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன், கால் நிற்கவில்லை. அது நோவா பயமா என்று அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன்.

வண்டி ஷெட்டில் நிற்கிறது. இன்ஜின் வேலை என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை லோடு இருக்கிறது என்று ஓனர் ஆள் விட்டார். சாவி இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது. கையைப் பற்றிச் சொன்னால் சாவி போய்விடும். சொல்லாமல் தொப்பூர் இறங்கினால் அந்தப் பஸ்ஸில் இருந்தது மாதிரி எவளுடைய குழந்தையோ செத்துப்போய்விடும். இவ்வளவு தெரிந்தும், ஒரே ஒரு லோடு போய்ப் பார்க்கலாமா என்றுதான் மனசு ஓடுகிறது. கை தாங்கிவிட்டால் எனக்கு ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும் பார். உன் தம்பி எவ்வளவு முட்டாள் என்று உனக்குத் தெரியாததா?

இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். லூர்து காப்பி கொண்டுவந்து வைத்தாள். மீதியை இப்போது பொழுது சாயும் நேரத்தில் எழுதுகிறேன்.

டம்ளரை வலது கையால் எடுத்தேன். "லூர்து, இந்தக் கையி..." என்று ஆரம்பித்தேன்.

"வைகாசியிலயே தெரியும்" என்றாள்.

"எப்புடி?"

"சட்டைக்கு மேல் பட்டன் போடறத விட்டுட்டீங்க. அப்பறம் எல்லாத்துக்கும் பனியனோடயே திரியறீங்க. பூசைக்குப் போறப்ப நான்தானே பட்டன் போட்டு வுடறேன். எத்தன மாசமா போடறேன், கேட்டீங்களா ஏன்னு?"

"நீயும் கேக்கலையே."

"நீங்களா சொல்லணும்னு இருந்தேன்." எதிரில் உட்கார்ந்தாள். "சொல்லிட்டீங்க இல்ல. இப்ப நான் கேக்கறேன், வாய் இருக்கறப்பவே பதில் சொல்லுங்க. ஒருவேள இது உங்க அண்ணனுக்கு வந்ததுதான்னு வச்சுக்குங்க. மூச்சு இழுத்தா ஆஸ்பத்திரியா, வூடா?"

"ஆஸ்பத்திரி."

"குழாய் வச்சுக் கஞ்சி ஊத்துனா?"

"ஊத்து."

"வண்டி?"

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவளிடம் கொடுத்தேன். தன் புடவை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே கேட்டாள்:

"பயமா இருக்குதுங்களா?"

"ஆமா" என்றேன். "ரொம்ப."

"எனக்கும்" என்றாள்.

அண்ணா, உன்னிடம் நாங்கள் எத்தனையோ கேட்டோம். தண்ணி வேணுமா, கஞ்சி போதுமா, சாமியாரைக் கூப்பிடவா, விசிறி வீசவா. அந்தக் கடைசி ஐந்து நாள், உன் பேச்சு எனக்கு நன்றாகப் புரிந்துவிட்ட பிறகுகூட, பக்கத்திலேயே உட்கார்ந்து இன்னும் என்னென்னவோ கேட்டேன். பயமா இருக்குதாண்ணா என்று மட்டும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் நீ பதில் சொல்லியிருப்பாய்.

திங்கட்கிழமை லூர்துவும் நானும் ஓனர் வீட்டுக்குப் போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டு, காரணத்தையும் சொல்லிவிட்டு வருவோம். மூன்று மாசம் கழித்து டாக்டர் என்ன சொன்னாலும், அது நல்லதோ கெட்டதோ, அன்றைக்கே வந்து அண்ணியை வைத்துக்கொண்டு உன் கல்லறையில் வாய்விட்டுச் சொல்வேன். இனிமேல் படுக்கையில் கிடக்கிற எவரைப் பார்க்கப் போனாலும், மற்றதை எல்லாம் கேட்பதற்கு முன்னால் உன்னிடம் கேட்காமல் விட்டதைக் கேட்பேன். இது சத்தியம்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்து, உனக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கும்
தம்பி அந்தோணி